நான்காம் எண் பீரோ

கெங்கவல்லியில் பசுமைக் கட்டுமான வளர்ச்சி வாரியத்தின் கோட்ட அலுவலகம் உரக்கடை மாடியில் இருந்த வரைக்கும் அன்புச்செல்விக்குப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்ததில்லை. யூரியா வாடைக்கு மூக்கு மூன்றாம் மாதமே பழகிவிட்டது. இளநிலை உதவியாளரான அவள் பொறுப்பில் இருந்தது மரச்சாமான் பதிவேடு. நாற்காலி பதினேழு, மேசை நான்கு, பீரோ மூன்று, பார்வையாளர் பெஞ்சு ஒன்று. வருடத்துக்கு ஒரு தரம் எண்ணிப் பார்த்து, ‘இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. நாற்காலிகள் எங்கும் எழுந்து போகிறவை அல்ல. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான்.

தொல்லையெல்லாம் ஊர் தூரம்தான். அவளுக்குத் திருச்செங்கோடு. கணவன் மாதேஷ் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். ஒரிசா, சத்தீஸ்கர் என்று மூன்று மாதம் பூமியைத் துளைத்துவிட்டுப் பத்து நாள் வீட்டுக்கு வருவான். நாலு வயது மகள் அறிவுமதி, மாதேஷின் அக்கா பழனியம்மாள் வீட்டில் வளர்ந்தாள். அன்புச்செல்வி கெங்கவல்லியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனிக்கிழமை விடுமுறைதான் என்றாலும் வாரியத்தில் அதற்குப் பெயர் ‘பசுமைச் சனி’. அன்று ஊழியர்கள் தாமாக முன்வந்து மரக்கன்று நட வேண்டும். தாமாக முன்வராதவர்களுக்கு மெமோ வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆத்தூரில் ஒரு பஸ், சேலத்தில் ஒரு பஸ் மாறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். போனில் பழனியம்மாள், “யாரு பேசறாங்க பாரு சாமி” என்று கொடுத்தால் குழந்தை, “கெங்கவல்லி அம்மா” என்று சரியாகச் சொல்லும். வெறும் அம்மா என்பது வீட்டிலேயே இருக்கிற அத்தையின் பெயர்.

மூன்று வருடத்தில் ஆறு இடமாறுதல் மனு கொடுத்தாள். ஆறாவது மனுவை இணை இயக்குநர் வெங்கடாசலம் வாங்கிப் படித்துவிட்டு, “புதுக் கட்டிடம் திறக்கட்டும்மா. மறுநாளே உங்களை விடுவிக்கிறேன். திருச்செங்கோடு உபகோட்டத்துல இடம் காலியாத்தான் இருக்கு” என்றார்.

புதுக் கட்டிடத்தின் கதை இது.

வெங்கடாசலம் அதற்கு முந்தைய வருடம் ஒரு குளிர்தேசத்துக்கு ஒன்பது நாள் கல்விச் சுற்றுலா போய்வந்தார். அங்கே எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றை முழுக்க மரத்தாலேயே எழுப்பியிருந்தார்களாம். அதன் முன்னால் நின்று பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர், சித்திரை மாத வெயிலில், அங்கே வாங்கிய கம்பளிக் கோட்டோடு ஊழியர் கூட்டத்துக்கு வந்தார்.

“மாஸ் டிம்பர்!” என்றார். கொஞ்சம் நிறுத்தி, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அலுவலக உதவியாளர் ஆண்டி, “பேரே மாஸா இருக்கு சார்” என்றார்.

“இந்த வாரியம் ஆரம்பித்துப் பதினாலு வருஷமாகிறது. இதுவரை எத்தனை பசுமைக் கட்டிடம் கட்டியிருக்கிறோம்? ஒன்றுகூட இல்லை. ஆனால் பசுமைக் கட்டிடத்தைப் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம்? இருநூற்று ஆறு! அந்த அனுபவத்தை வைத்துத்தான் இப்போது களத்தில் இறங்குகிறோம்.” எல்லாரும் கை தட்டினார்கள். கோட்டுக்குள் வியர்த்துக்கொட்டியதைப் பொருட்படுத்தாமல் அவரும் தட்டினார்.

அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். உதவிப் பொறியாளர் தேவிப்ரியா, மேட்டூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது டப்பா மூடியையும் கரண்டியையும் வைத்து அன்புச்செல்விக்கு விளக்கினாள்.

“பலகையைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, பசை போட்டு அழுத்தி, ஒரு சாண் கனத்துக்குச் சுவராவே செஞ்சுடுவாங்க அக்கா. சிமெண்ட் செய்யணும்னா எவ்வளவு புகை போகும்! மரம் அதுக்கு நேர்மாறு. காத்துல இருக்கற கரியை இழுத்துத் தனக்குள்ளயே வெச்சுக்கும். லேசுல தீப்பிடிக்காது, மேல கருகிச்சுன்னா அந்தக் கரியே உள்ள இருக்கறதைக் காப்பாத்தும். பூட்டறதெல்லாம் போல்ட்டும் திருகாணியும்தான். நிஜமாவே நல்ல விஷயம்க்கா.”

“நம்ம ஆபீசுலீங்களா நல்ல விசயம் நடக்கப்போகுது?” என்று அன்புச்செல்வி கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஆத்தூர் ரோட்டில் வாரியத்துக்கு ஓர் இடம் இருந்தது. அதில் பதினோரு புளியமரங்கள் இருந்தன. பசுமைக் கட்டிடத்துக்கு இடம் தேவைப்பட்டதால் பதினொன்றையும் வெட்டினார்கள். அந்த மரத்தையே கட்டிடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா, இல்லாவிட்டால் நாமக்கல் பக்கம் விவசாயிகள் வளர்க்கிற மலைவேம்பை வாங்கலாமா என்று தேவிப்ரியா கேட்டாள். வெங்கடாசலம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சான்றிதழ் இருக்காம்மா? வெளிநாட்டு மரத்துக்குப் பிறந்த தேதியிலிருந்து எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு. இந்தப் புளியமரத்தை யார் வெச்சது, எப்ப வெச்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தகப்பன் பேர் தெரியாத மரத்தையெல்லாம் அரசாங்கக் கட்டிடத்துல சேர்க்க முடியாது.”

தகப்பன் பேர் தெரிந்த மரம் இரண்டு கடல் தாண்டிக் கப்பலில் வந்தது. புளியமரங்கள் செங்கல் சூளைக்கு விறகாகப் போய், அங்கே சுட்ட செங்கல்லாகத் திரும்பி வந்து சுற்றுச்சுவராக நின்றன.

பலகைகள் வந்து இறங்கிய பிறகுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. வாரியத்தின் கட்டுமான விலைப்பட்டியலில் சுவர் என்றால் செங்கல், கூரை என்றால் கான்கிரீட். மரம் என்ற தலைப்பின் கீழ் இருந்தவை மூன்றே மூன்று: கதவு, ஜன்னல், மரச்சாமான். பட்டியலில் இல்லாததைக் கட்டக்கூடாது. கட்டிடம் முழுவதையும் ஒரு பெரிய கதவாகக் கணக்கில் கொள்ளலாமா என்று வெங்கடாசலம் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ‘கதவு என்பது சுவரில் பொருத்தப்படுவது. சுவர் எங்கே?’ என்று கேட்டுப் பதில் வந்தது. கடைசியில் மரச்சாமான் என்ற தலைப்பில் கோப்பு நகர்ந்தது. ஆனால் படிவத்தில், எவ்வகைச் சாமான் என்ற கட்டம் ஒன்று இருந்தது. நாற்காலி, மேசை, கட்டில், பீரோ.

வெங்கடாசலம் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். “மேல உட்கார முடியாது, நாற்காலி இல்லை. படுக்க முடியாது... படுக்கலாம், ஆனா அதை எழுத முடியாது. உள்ளே பொருள் வைக்கலாம். கதவு இருக்கு. பூட்டிச் சாவியை எடுத்துக்கலாம்.” பீரோ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

இப்படியாக, நாலாயிரம் சதுர அடியில் மாடியோடு கூடிய அந்தக் கட்டிடம் அன்புச்செல்வியின் பதிவேட்டில் ‘பீரோ (பெரியது) – 1’ என்று ஏறியது. விதிப்படி அவளே ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் வாங்கி, வாசலின் வலது ஓரத்தில் ‘ப.க.வ.வா / கெங்க / பீரோ / 4’ என்று எழுதினாள். எழுதும்போது ரோட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அவர் கேட்காததற்காக அவள் நன்றியோடு இருந்தாள்.

கட்டிடம் எழுந்தபோது அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்கக்கூடாது. தேன் நிறத்தில் சுவர்கள், உள்ளே போனால் வெட்டிவைத்த மரத்தின் வாசனை, வெளியே நூற்று மூன்று டிகிரி அடித்தாலும் உள்ளே நிழல் போல ஒரு குளிர்ச்சி. தேவிப்ரியா சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்ததை அன்புச்செல்வி பார்த்தாள்.

அந்த அழகு எட்டு நாள் நிலைத்தது. ஒன்பதாம் நாள் வாரியத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, மரம் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது ஆபத்து என்று எழுதிவிட்டுப் போனார். உள்ளும் புறமும் சிமெண்ட் அட்டை அடித்து மூடினார்கள். மூடிய பிறகு பார்த்தால் உரக்கடை மாடி மாதிரியே இருந்தது. “மரக் கட்டிடம்னு எப்படித் தெரியும்?” என்று வெங்கடாசலம் கவலைப்பட்டார். சிமெண்ட் அட்டையின் மேல் மரம் போலவே ரேகை ஓடுகிற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். உள்ளே அசல் மரம், அதன் மேல் சிமெண்ட், அதன் மேல் நகல் மரம். தேவிப்ரியா அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மின்பிரிவுக்கு எழுதியதில், பீரோவுக்கு மின் இணைப்பு தர விதியில் இடமில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஆகவே வெளியே ஒரு டீசல் ஜெனரேட்டர் வைத்தார்கள். காலை பத்து மணிக்கு அதை ஓட்ட ஆரம்பித்தால், பசுமைக் கட்டிடத்தைச் சுற்றி மாலை வரை கரும்புகை தவழ்ந்துகொண்டிருக்கும்.

திறப்பு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மரக் கட்டிடத்துக்குள் நெருப்பு கூடாது என்பதால் குத்துவிளக்கில் ஐந்து முகத்துக்கும் ஐந்து பல்பு. சிறப்பு விருந்தினர் மெழுகுவர்த்தியை, அதுவும் பேட்டரியில் எரிவதுதான், விளக்கின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது ஆண்டி மேசைக்கு அடியில் குந்தியிருந்து ஸ்விட்சைப் போட வேண்டும். மூன்று முகம் சரியாக எரிந்தது. நான்காவதை விருந்தினர் நெருங்குவதற்கு முன்பே ஆண்டி போட்டுவிட்டார். ஐந்தாவது, அவர் போய் உட்கார்ந்த பிறகு எரிந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

வெங்கடாசலம் பேசினார். “இந்தக் கட்டிடத்தில் ஒரு மூட்டை சிமெண்ட் கிடையாது. சுவருக்கு மேல் இருப்பது அட்டை. அது மூட்டையில் வராது. மரம் மூச்சு விடும் என்கிறது விஞ்ஞானம். கட்டிடமே மூச்சு விடுவதால் ஜன்னல்களை நிரந்தரமாக மூடிவிட்டு எட்டு ஏ.சி. பொருத்தியிருக்கிறோம். இங்கே இருந்த மரங்கள் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், மரங்கள் எங்கும் போகவில்லை. அவை வேறு மரங்களாக வந்திருக்கின்றன!”

மறுநாள் காலை அன்புச்செல்வி ஏழாவது மனுவோடு அவர் முன்னால் நின்றாள். அவர் சொன்ன சொல் தவறவில்லை. “பொறுப்பை ஒப்படைச்சிட்டுத் தாராளமாப் போங்க” என்று கையெழுத்துப் போட்டார். பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டியவர் சுப்பையன், அதே கோட்டத்தில் பதினாலு வருடம் எதிலும் கையெழுத்துப் போடாமல் பணியாற்றியவர். நாற்காலிகளை எண்ணினார், மேசைகளை எண்ணினார், மூன்று பீரோவையும் திறந்து மூடினார். நான்காவதற்கு வந்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“என்னம்மா இது? பீரோவை ஆய்வு செஞ்சேன்னு எழுதணும்னா நான் பீரோவுக்கு வெளியில இருக்கணும். வெளியில இருந்தா ஆபீஸ் நேரத்துல சீட்டுல இல்லைன்னு மெமோ குடுப்பாங்க. எந்தப் பக்கம் நின்னாலும் மாட்டிக்குவேன். நான் இல்ல.”

அவரை விட்டால் வேறு ஆளில்லை. இருந்த மற்றவர்களும் சுப்பையன் சொன்னதைக் கேட்டுவிட்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் தணிக்கை வந்தது. தணிக்கை அதிகாரி பாலசுந்தரம் மெலிந்த மனிதர். சிரித்தும் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

“பீரோ எண் நாலு எங்கம்மா?”

“அதுக்குள்ளதானுங்க சார் நிக்கறோம்.”

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். கீழே பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “பீரோன்னா நகர்த்தி, நாலு பக்கமும் பார்த்து, அடியில கரையான் இருக்கான்னும் பார்க்கணும். விதி பதினெட்டு. நகர்த்துங்க.”

“நகத்த முடியாதுங்களே சார்.”

“அப்படின்னு எழுதிக் குடுங்க.”

“குடுத்தா என்னாகுங்க?”

“நகராதது சாமான் இல்லை, கட்டிடம். விலைப்பட்டியல்ல இல்லாத கட்டிடம். அதைச் சாமான்னு பதிவேட்டுல ஏத்தினது யாருன்னு விசாரணை வரும்.” பதிவேட்டில் இருந்த கையெழுத்தை அவர் உற்றுப் பார்த்தார். அது அவளுடையது.

அன்புச்செல்வி, “எழுதிக் குடுக்கலீங்க சார்” என்றாள்.

பதினைந்து நாளில் ஆட்சேபணைகள் வந்தன. அரசு பீரோ ஒன்று கூரை ஏதுமின்றி வெட்டவெளியில், மழையில் நனையும்படி வைக்கப்பட்டுள்ளது. மேற்படி பீரோ அலுவல் நேரம் முழுவதும் திறந்தே கிடக்கிறது. மேற்படி பீரோவுக்குள் பதினோரு அலுவலர்கள் இருப்பது கண்டறியப்பட்டது. இவற்றுக்குப் பொறுப்பாளர் விளக்கம் அளிக்க வேண்டும். விளக்கம் ஏற்கப்படும் வரை அவரைப் பணியிடத்திலிருந்து விடுவிக்கக்கூடாது.

அவள் நாலு தரம் விளக்கம் எழுதினாள். ‘மேற்படி பதினோரு அலுவலர்களில் நானும் ஒருத்தி என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதிய இடத்தில் நிறுத்திப் படித்துப் பார்த்தபோது, தன் புத்தி சரியாக இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. நாலும் திரும்பி வந்தன.

வெங்கடாசலத்துக்கும் தூக்கம் போயிற்று. சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு இயக்குநராகப் பதவி உயர்வு கிடைக்கும் நேரம். அவர் கோட்டத்தின் மேல் ஓர் ஆட்சேபணைகூட நிலுவையில் இருக்கக்கூடாது. அவர் கண்டுபிடித்த வழி இது: பீரோ நனைவதுதானே குற்றம்? பீரோவுக்கு மேல் ஒரு கட்டிடம் கட்டிவிடலாம். கான்கிரீட் தூண், கான்கிரீட் கூரை, நாலு பக்கமும் செங்கல் சுவர். பெயர், ‘பீரோ காப்பகம்’. அது விலைப்பட்டியலிலும் இருந்தது. வரைபடம் போடும் வேலை தேவிப்ரியாவுக்கு வந்தது.

“எத்தனை லோடு சிமெண்ட் தெரியுமாக்கா? இந்த மரம் மொத்தமும் சேர்ந்து நூறு வருஷம் இழுத்தாலும் அந்தக் கரிக்கு ஈடாகாது” என்றாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

“கட்டி முடிக்க எத்தனை நாளாகும் கண்ணு?”

“டெண்டர், அது இதுன்னு... ரெண்டு வருஷம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்புச்செல்வி திருச்செங்கோட்டுக்குப் போனபோது மாதேஷும் வந்திருந்தான். அறிவுமதிக்குத் தலை வாரிவிடலாம் என்று சீப்பை எடுத்தாள். குழந்தை பின்வாங்கி, “அம்மா வந்து வாரிவுடும்” என்றது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். பழனியம்மாள் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் பாவம், குற்றம் செய்தவள் போல முகம் வாடி, சீப்பை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். “நீயே வாரு அன்பு. நாஞ் சொல்றேன் அவகிட்ட.” குழந்தை அழுதது. கடைசியில் தலை வாராமலேயே விளையாடப் போயிற்று.

அன்புச்செல்வி கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். மாதேஷ் பின்னாலேயே வந்தான்.

“ரெண்டு வருசம் ஆகுமாமுங்க” என்றாள். அழாமல் முழுக் கதையையும் சொன்னாள். பீரோ, விதி பதினெட்டு, பதினோரு அலுவலர்கள், காப்பகம்.

அவன் சிரித்துவிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “ஏம்புள்ள, அது போல்ட்டுல பூட்டுனதுதான?”

“ஆமாங்க. தேவி சொல்லுச்சு.”

“எங்க ரிக்கை விடப் பெருசா இருக்குமா ஒரு பலகை?”

“இருக்காதுங்க. ஏனுங்க?”

“நாங்க நாப்பது டன்னுக் கம்பரசரையும் ராடையும் கழட்டி ஏத்திக்கிட்டு ஒரிசாவுக்குப் போறோம். நீ ஒரு பீரோவை வெச்சுக்கிட்டு அழுவற. ஊடு மாத்தறப்போ பீரோவை விட்டுப்போட்டா போவாங்க?”

அவன் சொன்னது விளையாட்டுக்கு. அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. திரும்பும் பஸ்ஸில் மரச்சாமான் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து கைப்பையில் கிடந்த புத்தகம். இதுவரை அதில் பஸ் டிக்கெட்டைத்தான் செருகி வைத்திருந்தாள். வாழப்பாடி தாண்டும்போது பிரிவு முப்பத்தொன்றைக் கண்டாள். ‘பொறுப்பேற்க அலுவலர் இல்லாத நேர்வில், பொறுப்பாளர் இடமாறுதலின்போது அச்சாமானைத் தம்முடன் எடுத்துச் சென்று, புதிய பணியிடத்தில் ஒப்படைக்கலாம்.’ எப்போதோ யாரோ ஒரு மேசையை மனதில் வைத்து எழுதியது. எவ்வளவு பெரிய சாமான் என்று அதில் வரம்பு சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வைத்த குறிப்பு மூன்று வரிதான். பீரோ எண் நாலை மட்டும் பிரிவு முப்பத்தொன்றின்படி திருச்செங்கோடு உபகோட்டத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். மற்ற சாமான்களைச் சுப்பையன் ஏற்றுக்கொள்வார். வெங்கடாசலம் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“பீரோ இங்கே இல்லைன்னா...” என்று மெதுவாக ஆரம்பித்தார்.

“ஆட்சேபணையும் இங்க இருக்காதுங்க சார்.”

“நனையறது, திறந்து கிடக்கிறது, பதினோரு பேரு...”

“எல்லாம் பீரோ கூடவே வந்துருமுங்க. நானும் பீரோவை விட்டுட்டுப் போகலீங்க, அது கூடத்தானுங்க போறேன்.”

அவர் முகத்தில் மாதக்கணக்கில் காணாத ஒளி வந்தது. பேனாவை எடுத்தார். அப்போதுதான் ஒன்று தோன்றியது. “நாங்க எல்லாரும் எங்க உட்கார்றது?”

“உரக்கடை மாடி காலியாத்தானுங்க இருக்குது.”

அவர் அரை நிமிடம் ஏ.சி.யைப் பார்த்தார். சென்னையில் இயக்குநர் அறையில் இதைவிடப் பெரிய ஏ.சி. இருக்கும். கையெழுத்துப் போட்டார்.

கழற்றும் வேலை பதினெட்டு நாள் நடந்தது. மாதேஷ் தனக்கு இருந்த பத்து நாள் விடுப்போடு முதலாளியிடம் கெஞ்சி இன்னும் ஒரு மாதம் வாங்கிக்கொண்டு, கிரேன் வண்டியோடும் ரிக் ஆட்களோடும் வந்தான். ஒரு தரம்கூட இப்படிப்பட்ட சுவரைப் பார்த்திராத ஆட்கள். ஆனால் போல்ட்டு என்றால் அவர்களுக்குத் தெரியும். தேவிப்ரியா ஒவ்வொரு பலகைக்கும் எண் எழுதி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வெயிலில் அலைந்தாள். முதலில் ஸ்டிக்கரை உரித்தார்கள். சிமெண்ட் அட்டையைப் பிரித்தார்கள். உள்ளே மரம் வைத்தது வைத்தபடி தேன் நிறத்தில் இருந்தது. ரிக் ஆள் ஒருவன் முகர்ந்து பார்த்து, “நல்லா வாசமா இருக்குதே, இதையா மூடி வெச்சுருந்தீங்க?” என்று கேட்டான். தேவிப்ரியா அடுத்த எண்ணை எழுதினாள்.

ஒன்பது டிரெய்லர் லாரிகள் வரிசையாகக் கிளம்பின. முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் மாதேஷும், ஜன்னலோரம் மடியில் பதிவேட்டோடு அன்புச்செல்வியும். சேலத்துக்கு முன்னால் வாகனச் சோதனைக்கு நிறுத்தினார்கள்.

“என்ன லோடு?”

“பீரோவுங்க” என்று அவள் ரசீதை நீட்டினாள்.

அதிகாரி பின்னால் எட்டிப் பார்த்தார். “ஒன்பது வண்டியிலயுமா? எத்தனை பீரோ?”

“ஒண்ணுதானுங்க.”

அவர் ரசீதைப் படித்தார். பொருள்: பீரோ. எண்ணிக்கை: ஒன்று. முத்திரை சரியாக இருந்தது. இணை இயக்குநர் கையெழுத்து இருந்தது. வண்டிகளை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு வந்தவர், “எதுக்கும்மா இவ்வளவு பெரிய பீரோ? அப்படி என்னத்தை வைப்பீங்க உள்ள?” என்றார்.

“பைல்தானுங்க.”

அவர் அதை நம்பினார். அரசாங்கத்தில் கோப்புகள் எவ்வளவு இருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ரசீதைத் திருப்பிக் கொடுத்து, தடுப்பை விலக்கச் சொன்னார்.

திருச்செங்கோடு உபகோட்டப் பொறுப்பாளர் முருகானந்தம் சுப்பையனைப் போன்றவர் அல்லர். பலகை பலகையாக லாரியிலிருந்து இறங்கியபோது சுற்றிச் சுற்றிவந்து பார்த்தார். “நாலு பக்கமும் பார்த்தாச்சு, அடியும் பார்த்தாச்சு, கரையான் இல்லை, நகர்ந்தும் வந்துருச்சு. வேறென்னங்க வேணும்?” என்று பொறுப்பேற்புச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்புச்செல்வி எண்ணிப் பார்த்தாள். ஏழு மனு, நாலு விளக்கம், ஒன்பது லாரி. கடைசியில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

உபகோட்டத்தின் காலி மனையில் கட்டிடத்தை மறுபடி பூட்டும்போது, கூடவே வந்திருந்த தேவிப்ரியா சிமெண்ட் அட்டையைத் தொடவில்லை. முருகானந்தம் பாதுகாப்புச் சான்று பற்றிக் கேட்டதற்கு, “பீரோவுக்கு எதுக்கு சார் பாதுகாப்புச் சான்று?” என்றாள். அவர் யோசித்துப் பார்த்து அது சரிதான் என்றார். ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். மலையடிவாரக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. ஏ.சி.யைத் தேட வேண்டியிருக்கவில்லை. பகல் வெளிச்சம் போதுமாக இருந்ததால் ஜெனரேட்டரை யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் வாரியம் விழா இல்லாமல் விடாது. அதற்குள் இயக்குநராகிவிட்ட வெங்கடாசலம் சென்னையிலிருந்து வந்தார். வாசலில் ‘நடமாடும் பசுமை அலுவலகம் – உலக முன்மாதிரி’ என்று பேனர். மூன்றரை மணிக்கு ஆரம்பித்த விழாவில் ஐந்தரைக்கு அவர் பேச எழுந்தார்.

“இந்தக் கட்டிடத்தை வடிவமைத்த முதல் நாளே நான் சொன்னேன், இது ஒரே இடத்தில் நிற்கப் பிறந்ததல்ல என்று. யாரிடம் சொன்னேன் என்பது நினைவில்லை. இதை நகர்த்தும் கோப்பு என்னிடம் வந்தபோது அரை நிமிடம்தான் யோசித்தேன். அந்த அரை நிமிடமும் மக்களைப் பற்றி அல்ல, வாரியத்தைப் பற்றி யோசித்தேன். கெங்கவல்லி மக்கள் கேட்கலாம், எங்கள் அலுவலகம் எங்கே என்று. அவர்களுக்கு அங்கே ஓர் அலுவலகம் இருந்ததே இத்தனை நாள் தெரியாது. எனவே இழப்பு ஏதுமில்லை. அடுத்ததாக மாநிலம் முழுவதும் பன்னிரண்டு பீரோக்கள்...”

இரண்டாம் வரிசையில் இருந்த அன்புச்செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தைந்து. அலுவல் நேரம் முடிந்திருந்தது. கெங்கவல்லியில் இருந்த நாலு வருடத்தில் அவர் பேசும்போது அவள் ஒரு தரம்கூட எழுந்ததில்லை. எழுந்தாலும் போவதற்கு அந்த ஒற்றை அறையைத் தவிர வேறு இடமில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த தேவிப்ரியா காலை ஒதுக்கி வழி விட்டாள்.

“எங்கக்கா?”

“ஊட்டுக்குப் போறேன் கண்ணு.”

இயக்குநர் பன்னிரண்டு பீரோக்களின் பயன்களை விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் வாசலைத் தாண்டி வெளியே வந்தாள்.

பழனியம்மாள் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மாதேஷ் இரண்டு நாள் முன்பே சத்தீஸ்கருக்குக் கிளம்பிப் போயிருந்தான். அறிவுமதி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தட்டில் இருந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் இவள் வந்து நிற்பது அவளுக்கு விளங்கவில்லை.

“எப்பப் போவே?” என்று கேட்டாள்.

“காலையில போவேன் சாமி. ஒம்பதே முக்காலுக்கு.”

“அப்பறம்?”

“ஆறு மணிக்கு வந்துருவேன்.”

“அதுக்கு மக்கா நாளு?”

“அன்னிக்கும் வந்துருவேன்.”

குழந்தை அதை எங்கேயோ வைத்து எடைபோட்டுப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் டி.வி.யையே பார்த்தது. பிறகு, பார்வையை அதிலிருந்து எடுக்காமலேயே, தட்டை இழுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டது.